இரண்டு குட்டி நெடுஞ்சாலைகளும் ஒரு நிபுணரும்

இங்கிலாந்துக்குப் போய் வந்தவர்கள் அரண்மனையைப் பற்றிச் சொல்வார்கள், மழையைப் பற்றிச் சொல்வார்கள், லண்டன் கடையில் முருங்கைக்காய் எப்படி இருந்தது என்று சொல்வார்கள். நான் போய் வந்து M606 பற்றிச் சொன்னேன். ரொறன்ரோவில் வெளிவரும் ஒரு தமிழ் வார இதழில் அப்போது என் நகைச்சுவைப் பத்தி வந்துகொண்டிருந்தது. இப்போதும் வருகிறது. ஏன் இன்னும் வருகிறது என்ற சந்தேகம் இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கும் வரலாம்.

M606 ஒரு மோட்டர்வே. வடக்கு இங்கிலாந்தைக் குறுக்கே கடந்து ஓடும் பெரிய M62வின் விலாவிலிருந்து அது முளைக்கிறது. பிராட்ஃபோர்ட் நகரை நோக்கித் திரும்புகிறது. நகரத்துக்குள் போகுமாக்கும் என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது, நகரத்தின் வாசலில் ஒரு சுற்றுச்சந்தியைக் கண்டு நின்றுவிடுகிறது. எல்லாமாக மூன்று மைல் வரும். எழுபதுகளில் அதைக் கட்டியவர்கள் வைத்த முழுப்பெயர் 'பிராட்ஃபோர்ட் தெற்கு ஆரை மோட்டர்வே'. ஆரை என்றால் சைக்கிள் சில்லின் கம்பி. ஒரே ஒரு கம்பி உள்ள சில்லை மனதில் நினைத்துக்கொண்டால் அந்தத் திட்டத்தின் கதி விளங்கும். இன்னும் உள்ளே, நகர நடுவரைக்கும் கொண்டுபோகும் எண்ணம் இருந்ததாகச் சொல்கிறார்கள். எண்ணத்துக்குத் தார் ஊற்ற ஒருவரும் வரவில்லை.

பிராட்ஃபோர்டில் என் மனைவியின் அண்ணன் இருக்கிறார். போரின் கடைசிப் பகுதிவரை ஊரில் இருந்துவிட்டு, பிறகு அங்கே போய்ச் சேர்ந்தவர். நாங்கள் போயிருந்தபோது கோட்டை, ஏரி என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார். நான் M606ல் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். கூட்டிக்கொண்டு போனார். சுற்றுச்சந்தி வந்தது.

"மச்சான், இன்னொருக்காப் போவமே?" என்றேன்.

"ஏன், ஏதும் துலைச்சுப்போட்டீரோ?"

"இல்லை. துவங்கிற இடத்தைச் சரியாப் பாக்கேல்ல."

"ரோட்டுத் துவங்கிற இடத்தைப் பாக்கவோ கனடாவிலயிருந்து பிளேன் ஏறி வந்தனீர்?" என்றார். ஆனாலும் நல்ல மனிதர். சுற்றுச்சந்தியைச் சுற்றித் திரும்பவும் போனார். மூன்றாவது முறை நான் வாயைத் திறக்கும் முன்பே ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தி, சாவியை என் பக்கம் நீட்டினார். "இந்தாரும். உமக்கு இவ்வளவு ஆசையெண்டால் நீரே ஒருக்கா ஓடிப் பாருமன்."

இங்கே இடப்பக்கம் ஓடவேண்டும், பழக்கமில்லை, காப்புறுதியில் சிக்கல் வரும் என்று கைக்கு வந்த காரணங்களையெல்லாம் அடுக்கினேன். அவர் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனால் என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

அன்று பின்னேரம் நான் மாடியிலிருந்து இறங்கி வரும்போது குசினியில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவருக்கு என்னடி? திறப்பை நீட்ட ஆள் வெளிறிப்போனார்."

என் மனைவி குரலைத் தாழ்த்தினாள். "அண்ணை, அதைக் கேக்காதேங்கோ. ஹைவேயில ஓட அவருக்கு ஏலாது. அங்க பட்டதுகள்… சத்தம், வேகம் எண்டால் அப்பிடித்தான்."

நான் படிக்கட்டில் நின்றேன். அங்கே நான் பட்டது ஒன்றுமில்லை. எங்கள் ஊருக்குச் சண்டை வருவதற்கு முன்பே கொழும்புக்கு வந்து, அங்கிருந்து கனடாவுக்கு வந்துவிட்டவன் நான். குண்டுச் சத்தத்தை நான் கேட்டதெல்லாம் தொலைக்காட்சியில். அதுவும் அதிகமானால் ஒலியைக் குறைத்துவிடுவேன். எங்கள் கல்யாணம் கனடாவில் என்பதால் நான் எப்போது ஊரை விட்டு வந்தேன் என்று மச்சானுக்குத் தெரியாது. அவள் எனக்காகச் சொன்ன பொய் அது. அந்த நேரத்தில் நான் செய்யக்கூடிய யோக்கியமான காரியங்கள் இரண்டு இருந்தன: உள்ளே போய் மறுப்பது, அல்லது திரும்பவும் மாடிக்குப் போய்விடுவது. நான் மூன்றாவதைச் செய்தேன். சம்பவத்துக்கு ஏற்றபடி முகத்தைக் கொஞ்சம் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே போனேன். மச்சான் எழுந்து தன் கதிரையை எனக்குத் தந்தார்.

ரொறன்ரோவுக்குத் திரும்பியதும் M606ஐயும் எங்கள் 409ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பத்தி எழுதினேன். 409ஐத் தெரியாதவர்களுக்கு: 401 என்ற மகா சமுத்திரம் ரெக்ஸ்டேல் பக்கம் வரும்போது அதிலிருந்து பிரிந்து விமானநிலையத்துக்குப் போகும் சின்ன வாய்க்கால் அது. காரில் ஒரு பாட்டுப் போட்டால் இரண்டாவது சரணத்துக்கு முன் விமானநிலையம் வந்துவிடும். வரைபடத்தில் மட்டும் வாழ்ந்த காலத்தில் அதற்குப் பக்கத்துத் தெருவின் பெயரைச் சேர்த்து பெல்ஃபீல்ட் எக்ஸ்பிரஸ்வே என்று பெயர். பிறகு இலக்கம் கிடைத்தது. மேற்குக் கோடித் துண்டைப் பின்னாளில் விமானநிலையக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போதே அரசாங்கம் முடிந்து விமானநிலையம் தொடங்குகிறது, கார்ச் சில்லுக்கு அது தெரிவதில்லை. அண்மையில் அதன் அடியால் ரயிலுக்குச் சுரங்கம் துளைத்தார்கள். மேலே போனவர்கள் பெட்டியில் ஊறுகாய் போத்தல் உடைந்திருக்குமோ என்ற கவலையில் போய்க்கொண்டே இருந்தார்கள்.

இப்படியெல்லாம் எழுதினேன். இங்கிலாந்தின் கிளைச்சாலை ஒரு நகரத்தை நம்பிப் புறப்பட்டு ஏமாந்தது, எங்களுடையது ஆகாயத்தை நம்பிப் புறப்பட்டுச் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு முடிவும் வைத்தேன். சனத்துக்குப் பிடித்துவிட்டது. ரொறன்ரோத் தமிழர் எல்லோரும் ஒருமுறையாவது கண்ணீரோடோ மாலையோடோ அந்தச் சாலையில் போனவர்கள்தானே. அதன் பிறகு கடையில், கோயிலில், செத்தவீட்டில்கூட என்னை நிறுத்திச் சாலை கேட்கத் தொடங்கினார்கள். "அண்ணை, சனிக்கிழமை மிஸிஸாகா போறதுக்கு எது நல்லம்?" நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எந்த எக்ஸிட், எந்த லேன், எங்கே எப்போதிலிருந்து திருத்தவேலை, எல்லாம் சரியாக இருக்கும்.

ஆனால் எனக்கு ஹைவேயில் ஓட ஏலாது. ஓட்டத் தெரியும். சாரதிப் பத்திரம் இருக்கிறது. தெருக்களில் நன்றாக ஓட்டுவேன். 409ல்கூட, ஞாயிறு காலையில், வீட்டுக்குக் கிட்ட ஏறி விமானநிலையம் வரைக்கும் வலது லேனில் ஊர்ந்து போய்த் திரும்புவேன். முடிகிற இடம் கண்ணுக்குத் தெரிந்தால் எனக்குத் தைரியம். 401ல் முடிகிற இடம் தெரியாது. ஏறும் வளைவில், பக்கத்தில் ஒரு ட்ரக் வந்து நிரந்தரமாக நிற்பதுபோல ஓடும்போது, என் கைகள் என்னுடையவை அல்லாமல் போய்விடும். ஒரு விபத்தும் நடக்கவில்லை. ஒருவரும் சாகவில்லை. பயத்துக்கு ஒரு வரலாறு இருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். சாலைகளுக்கெல்லாம் வரலாறு தேடிய எனக்கு இதற்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டில் ஹைவே ஓட்டுவது என் மனைவி. விமானத்தில் கொடுக்கும் சாப்பாட்டைப் பெட்டியில் அடைக்கும் சமையல்கூடத்தில் அவளுக்கு வேலை. 409ல் தினமும் வேலைக்குப் போகிறவள் அவள். அதைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவன் நான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. கல்யாணமும் சாமத்தியவீடும் பிறந்தநாளும் நடக்கிற மண்டபங்கள் பெரும்பாலும் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும். நாங்கள் இருப்பது ரெக்ஸ்டேலில், நகரத்தின் மறு கோடியில். மண்டப வாசலில், எவ்வளவு குளிரென்றாலும், கோட் சூட் போட்ட ஆம்பிளைகள் கொஞ்சப் பேர் நிற்பார்கள். யார் என்ன காரில் வருகிறார்கள், யார் ஓட்டுகிறார்கள் என்று பார்ப்பது அவர்களுக்கு ஒரு பொழுது. பெண் ஓட்டிப் புருஷன் பக்கத்தில் இருந்து வந்தால், "அண்ணைக்கு விடியவே ஏத்தியாச்சுப் போல" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள். சாராயம் குடிக்காத எனக்கு அந்தப் பெயர்கூடப் பரவாயில்லை. சாலை நிபுணர் என்ற பெயர் போவதுதான் பெரிய விஷயமாக இருந்தது.

ஆகவே நாங்கள் இடம் மாறுவோம். மண்டபத்துக்கு இரண்டு தெரு முன்னால், நாலைந்து கடை சேர்ந்த ஏதாவது ஒரு பிளாசா இருக்கும். அங்கே பின்பக்கமாகப் போய் அவள் காரை நிறுத்துவாள். அவள் இறங்கி முன்னால் சுற்றி வருவாள், நான் இறங்கிப் பின்னால் சுற்றி வருவேன். அவள் குட்டை, நான் நெட்டை. இருக்கையைத் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, மிச்சம் இருக்கிற ஐந்தாறு சிக்னலை நான் ஓட்டி, வாசலில் போய் ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றி இறங்குவேன். "401 இண்டைக்கு எப்பிடி அண்ணை?" என்று கேட்பார்கள். "கீல் தெருவடியில கொஞ்சம் இறுக்கம்" என்பேன். உண்மைதான். பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தது.

இந்த யோசனையை முதலில் சொன்னது அவள்தான். அதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. ஒருமுறை சொன்னாள், மிச்ச வருடங்கள் முழுக்க நான்தான் பிளாசாவைத் தேடினேன்.

போன மாசியில் மச்சான் எங்களைப் பார்க்க வந்திருந்தார். அவர் நின்ற கிழமையில் மார்க்கத்தில், யூனியன்வில் பக்கம் ஒரு பகல் கல்யாணம். பெண்ணின் தகப்பன் என் பத்தியின் நெடுநாள் வாசகர். ரொறன்ரோவிலேயே நீளமான நாக்கு உடையவர். "மேடையில நீர்தான் வாழ்த்திப் பேசவேணும் ஐசே. ரோட்டுக் கதை ஒண்டு விடும்" என்று ஒரு மாதம் முன்பே சொல்லி வைத்திருந்தார். மச்சானையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம். என் மனைவி ஓட்டினாள். மச்சான் பின்னால். அவருக்குப் பழைய கதை தெரியும் என்பதால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. 401ல் ஏறும்போது, பின்னாலிருந்து என் தோளில் ஒருமுறை தட்டிக்கொடுத்தார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

வழக்கம்போலப் பிளாசா ஒன்றுக்குள் திருப்பினோம். பல் வைத்தியர், சலவைக் கடை, பின்பக்கம் குப்பைத்தொட்டிகள். முதல்நாள் பனி உருகி, இரவு திரும்பவும் உறைந்திருந்தது.

"ஏன் இஞ்ச நிப்பாட்டுறாய்?" என்றார் மச்சான்.

"இனி அவர் ஓடுவார்."

"மண்டபம் அதிலதானே? உதில தெரியுது."

"ஓம் அண்ணை. அதுக்குத்தான்."

"எதுக்குத்தான்?"

"நீங்கள் பேசாமல் இருங்கோவன்" என்று சொல்லிக்கொண்டே பட்டுச்சேலைக் கொய்யகத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு அவள் இறங்கினாள். நான் என் பக்கத்தால் இறங்கிப் பின்பக்கமாகச் சுற்றினேன். பின்பம்பர் அளவுக்கு வந்திருப்பேன், முன்னால் ஒரு சத்தம் கேட்டது. கறுப்புக் கண்ணாடிபோலக் கிடந்த பனியில் அவள் கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருந்தாள்.

அந்த இடத்தில் என் கண் முதலில் எங்கே போனது என்று சொல்லவேண்டும். தெருவுக்குப் போனது. வெள்ளை வான் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் பட்டுச் சேலைகள் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இல்லை என்று கண்ட பிறகுதான் அவளிடம் ஓடினேன். அதற்குள் மச்சான் காரிலிருந்து பாய்ந்து இறங்கித் தங்கையைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

மணிக்கட்டு ஒரு புதுத் திசையில் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. "சேலை ஊத்தையாப்போச்சு" என்றாள்.

வைத்தியசாலை பக்கத்தில்தான். தெருவால் போகலாம் என்பதால் நானே ஓட்டினேன். அவசரப் பிரிவில் பட்டும் நகையுமாக அவள், கோட் சூட்டில் நான், வாழ்த்துரைத் தாளை மடித்து உள்பையில் வைத்தபடி. எப்படி விழுந்தீர்கள் என்று தாதி கேட்டாள். "காரால இறங்கேக்க" என்று என் மனைவி சொல்ல, மச்சான் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த, கை கழுவும் முறையை விளக்கும் படத்தைப் பார்த்தேன்.

என் சட்டைப்பைக்குள் கைபேசி அதிர்ந்தது. பெண்ணின் தகப்பன். எடுக்கவில்லை. திரும்ப அதிர்ந்தது. அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, என் மனைவியின் எலும்பை உள்ளே படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது, நான் ஒரு பதிலைத் தயாரித்தேன். வீட்டு வாசலில், காரில் ஏறப் போகும்போது விழுந்துவிட்டாள்; புறப்படவே இல்லை. நல்ல பதில். பிளாசா அதில் இல்லை. நானும் அதில் இல்லை.

முழங்கை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, நோவுக்கு மாத்திரை கொடுத்து, பிறகு ஒரு நிபுணரிடம் காட்டச் சொல்லி அனுப்பினார்கள். மார்க்கத்திலிருந்து ரெக்ஸ்டேலுக்கு வரவேண்டும். 401ல் வந்தால் சீக்கிரம். 407 இன்னும் நல்லது. சுங்கச்சாலை, ட்ரக் குறைவு, தார் வழவழவென்று இருக்கும். இதையெல்லாம் நானே எழுதியிருக்கிறேன். மச்சானுக்கு வலப்பக்கம் ஓடிப் பழக்கமில்லை. அவளுக்குக் கை இல்லை. நான் ஸ்டீல்ஸ் தெருவைப் பிடித்தேன்.

ஸ்டீல்ஸைத் தெரியாதவர்களுக்கு: அது சிக்னல்களால் செய்யப்பட்ட தெரு. மாசி மாதத்தில் சிக்னலுக்கும் சிக்னலுக்கும் இடையில் பள்ளங்களும் உண்டு. நிற்கவேண்டும், எடுக்கவேண்டும், பஸ்ஸுக்கு விலகவேண்டும், பள்ளத்தில் இறங்கி ஏறவேண்டும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் மனைவி மூச்சை உள்ளே இழுத்தாள். சத்தம் போடவில்லை, அந்த மூச்சு மட்டும். வடக்குப் பக்கம் குறுக்குத்தெருக்களில் 407க்கு ஏறச் சொல்லும் பலகைகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் கண்டேன். ஒவ்வொன்றுக்கும், அடுத்ததில் பார்க்கலாம் என்று எனக்குள் சொன்னேன்.

ஒரு பெரிய பள்ளம். அவளால் தாங்க முடியவில்லை. "ஐயோ, மெல்ல! இல்லாட்டி ஹைவேயில ஏறுங்கோவன், கெதியாப் போய்ச் சேரட்டும்."

பின்னாலிருந்து மச்சான் முன்னுக்குச் சாய்ந்தார். மிகவும் மென்மையாகச் சொன்னார்: "தங்கச்சி, கொஞ்சம் பொறுத்துக்கொள். அவருக்குக் கஷ்டம் குடுக்காதை. அங்க பட்டது லேசில விட்டுப் போகாது. எனக்குத் தெரியும்."

முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார், என் காயத்துக்காக. ஷெல்லடிக்குள் பங்கரில் இருந்து எழுந்து வந்த மனிதர் சொல்கிறார். அவள் திரும்பி அண்ணனுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சிக்னல் சிவப்பில் நின்றது.

"மச்சான், எனக்கு அங்க ஒண்டும் நடக்கேல்ல" என்றேன்.

"என்ன?"

"ஒண்டுமே நடக்கேல்ல. சண்டை துவங்க முன்னமே நான் வந்திட்டன். ஒரு ஷெல் விழுந்ததைக்கூட நான் காணேல்ல. எனக்குச் சும்மா பயம்."

"சும்மா எண்டால்?"

"சும்மா எண்டால் சும்மாதான். ட்ரக்கைக் கண்டால் பயம்."

சிக்னல் பச்சையாகி, பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் நான் எடுத்தேன்.

"நீங்கள் பிராட்ஃபோர்டுக்கு வந்து நிக்கேக்க," என்றார் மச்சான், "பக்கத்து வீட்டில பொடியள் வெடி கொளுத்தினவங்கள். ஞாபகமிருக்கோ?"

"இல்லை."

"உமக்கு எப்பிடி இருக்கும்? நான் போய் நிப்பாட்டிப்போட்டனே. வீட்டில சண்டைக்குள்ளயிருந்து வந்த மனுசன் நிக்குது எண்டு சொல்லித் தகப்பனோட வாய்கிழியச் சண்டை. அந்தாள் இண்டைவரைக்கும் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்குத்தான் மச்சான் வெடிச் சத்தம் ஏலாது. உம்மட பேரில நான் தப்பினன் எண்டு வையும்."

அவர் சிரிக்கவில்லை. எனக்கு ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது, ஓடிக்கொண்டிருந்ததால் முடியவில்லை.

என் மனைவி கண்ணை மூடியபடியே பேசினாள். "அண்ணை, அதை விடுங்கோ. அது நான் சொன்ன பொய், இவர் சொன்னதில்லை. நான் அதில விழுந்து கிடக்கேக்க இவர் எங்க பாத்தவர் தெரியுமோ?"

"எங்க?"

"ரோட்டை. ஆரும் எங்கட ஆக்கள் வருகினமோ எண்டு."

இல்லை என்று சொல்லலாம். பனியில் விழுந்தவளுக்கு என்ன தெரியும், வாகனம் வந்து அவள் மேல் ஏறிவிடும் என்று பார்த்தேன் என்று சொல்லலாம். அது நல்ல பதிலாகவும் இருந்திருக்கும். "ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு கார் கொஞ்சம் வேகம் எடுத்தது. வெட்கத்துக்கு இப்படியும் ஒரு குணம் இருக்கிறது போலும். முன்னால் 407 பலகை ஒன்று வந்தது. நான் வலப்பக்கச் சமிக்ஞை விளக்கைப் போட்டேன்.

"என்ன செய்யிறீங்கள்?" என்றாள்.

"ஏறப்போறன்."

"வேண்டாம்."

"உனக்கு நோகுது…"

"இண்டைக்கு வீரம் காட்டி என்னைக் கொல்லவேண்டாம். நேர போங்கோ."

விளக்கை நிறுத்திவிட்டு நேரே போனேன். பள்ளங்களை மட்டும் முடிந்தவரைக்கும் சுற்றிச் சுற்றி எடுத்தேன். அது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து, மச்சான் தேத்தண்ணி போட்டார். எங்கே சீனி, எங்கே பால் என்று அவள் சோபாவில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். இடது கையால் கோப்பையைப் பிடித்துக் குடிக்கப் பழகிக்கொண்டிருந்தபோது என் கைபேசி மேசையில் கிடந்து திரும்ப அதிர்ந்தது. பெண்ணின் தகப்பன். கல்யாணம் முடிந்து, சாப்பாடும் முடிந்து, இனி ஆறுதலாக யார் யார் வரவில்லை என்று பார்க்கும் நேரம்.

இந்த மாதிரி அழைப்புகளை எப்போதும் அவள்தான் எடுப்பாள். அவளுக்குத்தான் என் சார்பில் கதைக்கத் தெரியும். கோப்பையை வைத்துவிட்டுக் கைபேசியை இடது கையால் எடுத்தாள். வீட்டு வாசலில் விழுந்தாள் என்ற அந்த நல்ல பதிலை அவளிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அதைவிட நல்லதாக அவளே ஒன்று சொல்வாள். அப்படித்தான் நினைத்தேன், இவ்வளவு நடந்த பிறகும்.

அவள் பச்சைப் பொத்தானை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, என்னிடம் நீட்டினாள்.

"நீங்கள் கதையுங்கோ."

"எங்க ஐசே போனனீர்?" அறை முழுக்க அந்தக் குரல். பின்னால் மேளம், பிள்ளைகள், பாத்திரச் சத்தம். "மேடையில உம்மட பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப்போட்டு மைக்கோட பேயன் மாதிரி நிண்டனான். ரோட்டு நிபுணர் ரோட்டில துலைஞ்சுபோனாரோ?"

மச்சான் குசினி வாசலில் வந்து நின்றார்.

"மனுசி விழுந்து கை முறிஞ்சுபோச்சு" என்றேன்.

"ஐயையோ! எங்க? எப்பிடி?"

"உங்கட மண்டபத்துக்குப் பக்கத்துப் பிளாசாவில. சீட் மாறேக்க."

"என்ன சீட்?"

சொன்னேன். எனக்கு ஹைவேயில் ஓடப் பயம் என்று சொன்னேன். அவள்தான் எப்போதும் ஓடுகிறவள், வாசலில் நீங்கள் நிற்பீர்கள் என்று இரண்டு தெருவுக்கு முன்னால் மாறிக்கொள்வோம், இத்தனை வருடமும் அப்படித்தான் என்று சொன்னேன். நான் இதுவரை எழுதிய எந்தப் பத்தியிலும் இவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை. அவர் கைபேசியை வாயிலிருந்து தள்ளிப் பிடித்து, பக்கத்தில் நின்ற யாருக்கோ சொன்னார்: "இஞ்ச வா, இஞ்ச வா, இதைக் கேள்." பிறகு என்னிடம், "ஐசே, திரும்ப ஒருக்காச் சொல்லும், முதலிலயிருந்து" என்றார்.

திரும்பச் சொன்னேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு அவரோடு இன்னொருவர், பிறகு சில பெண்கள். நிறுத்தி மூச்சு எடுத்து, "401 இண்டைக்கு எப்பிடி அண்ணை!" என்று ஒருவர் கேட்க, "கீல் தெருவடியில கொஞ்சம் இறுக்கம்" என்று யாரோ என் குரலில் பாவனை பண்ண, திரும்பவும் சிரித்தார்கள். நல்ல பாவனைதான். வைத்துவிடலாம் என்று விரல் பொத்தானுக்குப் போனது. சோபாவில் இருந்து அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரிக்கவில்லை, மச்சானும் சிரிக்கவில்லை. நான் கைபேசியை நீட்டிப் பிடித்தபடி, அவர்கள் சிரித்து முடிக்கும்வரைக்கும் நின்றேன்.